கேமராப் பதிவைப் பிரதி எடுக்கும்போது வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

அரிசி, பருப்பு, எண்ணெய் விலை நிலவரம் தவிர வேறொன்றைப் பற்றி நாங்கள் இந்த இதழில் எழுதியதில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்களுக்குப் படிப்பும் கிடையாது; படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் எங்கள் குடோனில் நடந்த ஒரு தவறு மற்றக் கடைகளில் நடக்கக்கூடாது என்பதால், பையனிடமும் கேமரா போடும் தம்பியிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஐயப்பன்தாங்கலில் மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஒட்டி வியாபாரம் செய்கிறவர்களில் கேமரா இல்லாத கடைக்காரர் இன்று யார்? பெட்டிக்கடையிலும் ஒன்று தொங்குகிறது. 2017க்குப் பிறகு சென்னைக் காவல் துறை ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டு, கடைக்கு உள்ளே மட்டுமின்றிச் சாலையைப் பார்த்தும் ஒரு கேமரா வையுங்கள் என்று வியாபாரிகளிடம் கேட்டுக்கொண்டது. நம்மவர்களும் கைக்காசைப் போட்டு வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2016 ஜூன் 24ஆம் தேதி, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொலையுண்டபோது அந்த நிலையத்தில் கேமராவே இல்லை என்பதும், பக்கத்துத் தெருக்களின் பதிவுகளைத்தான் போலீசார் தேடி எடுக்க வேண்டியிருந்தது என்பதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆக, கேமரா வைத்தாயிற்று. பதிவும் ஆகிறது. ஆனால் ஒரு நாள் ஏதாவது நடந்து, ‘அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் எடுத்துக் கொடுங்க’ என்று யாராவது கேட்கும்போது நாம் எதை எடுத்துக் கொடுக்கிறோம்? சங்கடம் அங்கேதான் ஆரம்பம்.

எங்கள் குடோனில் நடந்தது

காட்டுப்பாக்கத்தில் எங்களிடம் பல வருஷமாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர். ஒரு சனிக்கிழமை மாலை அவருக்குத் துவரம்பருப்பு 12 மூட்டை குட்டி யானையில் ஏற்றி அனுப்பினோம். இரவு போன் செய்து, “அண்ணாச்சி, 11 தான் இருக்கு” என்றார். 50 கிலோ மூட்டை ஒன்று; துவரம்பருப்பு விற்கும் விலையில் சும்மா விடக்கூடிய பணமா?

பையன் உடனே கைபேசியில் கேமராவைத் திறந்து, மாலை நேரத்துப் பதிவை ஓட்டிப் பார்த்தான். அதில் ஓர் ஆள், கட்டம் போட்ட லுங்கி, தலையில் துண்டு, முதுகில் மூட்டை போல ஒன்றைச் சுமந்துகொண்டு போய்க் குட்டி யானைக்குப் பின்னால் நின்ற மீன்பாடி வண்டியில் வைக்கிறான். முகம் கலங்கல். ஆனால் உயரமும் நடையும் எங்கள் லோடுமேனைப் போலவே இருந்தன. பார்த்த நான்கு பேரும் அவர் பெயரையே சொன்னார்கள். நாங்களும் சொன்னோம், மறைப்பதற்கில்லை. பதினெட்டு வருஷமாக எங்கள் குடோனில் மூட்டை தூக்கியவர்.

பையன் அந்தக் காட்சியைக் கைபேசித் திரையிலிருந்தே பதிவு செய்து வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பினான். நாங்கள் காட்டுப்பாக்கத்துக்காரருக்கு அனுப்பினோம். அவர் வியாபாரிகள் குழு ஒன்றில் போட்டுவிட்டார். மறுநாள் காலை வேலைக்கு வந்த மனிதரிடம், “நீ இனிமே வரவேண்டாம்பா” என்று சொல்லிவிட்டோம். ஏன் என்று கேட்டார். கைபேசியைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது நான் இல்ல முதலாளி” என்றார். வேறொன்றும் பேசவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் வேறு வேலையாக வந்த கேமராத் தம்பி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இது போன்ல எடுத்த சப் ஸ்ட்ரீம் ஆச்சே, டிவிஆர்ல ஒரிஜினல் பாத்தீங்களா?” என்றார். நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும். டிவிஆரில் பென் டிரைவைச் செருகி, அசல் பதிவை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். முதுகில் இருந்தது பருப்பு மூட்டை அல்ல. மடித்துக் கட்டிய காலிச் சாக்குக் கட்டு. சுமந்தவர் வாராவாரம் வந்து காலிச் சாக்கு வாங்கிப் போகிற வியாபாரி. முகம், மீசை, சாக்கின் நீலக்கோடு எல்லாம் தெரிந்தன. அதே பதிவை முன்னால் ஓட்டி எண்ணினோம். வண்டியில் ஏறியது 12 மூட்டை. ஒவ்வொன்றையும் ஏற்றியவர் எங்கள் லோடுமேன்.

அந்த ஒரு மூட்டை, சரக்கு இறக்கிய இடத்தில் கடலைப்பருப்பு அடுக்கோடு சேர்ந்து போயிருந்தது. ஐந்தாம் நாள் கடைக்காரரே கண்டெடுத்துச் சொன்னார். நாங்கள் லோடுமேன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வந்தார். குழுவில் போன படத்தை மட்டும் எங்களால் திரும்ப வாங்க முடியவில்லை. குமணன்சாவடியில் யாரோ அவரைப் பார்த்து, “நீதானே அந்த வீடியோவுல...” என்று கேட்டார்களாம்.

மூட்டையும் சரக்கும்

இரண்டு சொற்களை மட்டும் புரிந்துகொண்டால் போதும் என்றார் தம்பி. ஒன்று ரெசல்யூஷன், மற்றது பிட்ரேட். அவர் சொன்னதை எங்கள் பாஷையில் சொல்கிறோம். ரெசல்யூஷன் என்பது சாக்கின் அளவு. பிட்ரேட் என்பது அதற்குள் கொட்டிய சரக்கு. பெரிய சாக்கில் கால் பங்கு அரிசியைப் போட்டுக் கட்டினால் மூட்டை பெரிதாகத் தெரியும். எடை போட்டால் குட்டு வெளிப்படும். சிறிய சாக்கில் அளவுக்கு மேல் திணிப்பதிலும் லாபம் இல்லை.

படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. 1080 என்று கேமரா விளம்பரத்தில் போடுகிறார்களே, அது குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. மொத்தம் இருபது லட்சத்துக்கு மேல். டிவிஆர் ஒவ்வொரு கேமராவிலிருந்தும் இரண்டு ஓட்டங்களை உண்டாக்குகிறது. டிஸ்கில் பதிவாவது பெரிய ஓட்டம், மெயின் ஸ்ட்ரீம். கைபேசியில் தடங்கலில்லாமல் பார்ப்பதற்கென்று அனுப்புவது சின்ன ஓட்டம், சப் ஸ்ட்ரீம். எங்கள் டிவிஆரில் சின்ன ஓட்டத்தின் அளவு 352க்கு 288. பெருக்கிப் பார்த்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் புள்ளி. அசலில் இருபதில் ஒரு பங்கு! அதைத்தான் நாங்கள் சாட்சியாக வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷ மனிதரை அனுப்பிவிட்டோம்.

இதற்கு ஓர் உலகத் தரக்கணக்கும் இருக்கிறது. ஐ.இ.சி. என்னும் சர்வதேச அமைப்பு 2014இல் வெளியிட்ட 62676-4 என்ற தரக்குறிப்பில், முன்பின் தெரியாத ஆளை இன்னார் என்று உறுதி செய்ய, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும் என்கிறது. ஏற்கெனவே தெரிந்த ஆளை அடையாளம் காண 125. உடை, நடமாட்டம் ஓரளவு தெரிய 62. ஆள் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் தெரிய 25 போதும். எங்கள் குடோன் வாசல் கேமரா பார்க்கும் அகலம் 25 அடி, அதாவது 7.6 மீட்டர். 1920ஐ 7.6ஆல் வகுத்தால் 252. அசல் பதிவு தேறிவிட்டது. 352ஐ வகுத்தால் 46 தான். தெரிந்த ஆளை அடையாளம் காணக்கூட அது போதாது. மனித முகம் அரையடிக்குச் சற்றுக் கூடுதல் அகலம் என்று வைத்துக்கொண்டால், கைபேசிப் படத்தில் லோடுமேனின் முகம் என்று நாங்கள் நம்பியது குறுக்கே ஏழு புள்ளி!

இதே கணக்கைச் சாலைக் கேமராவுக்குப் போட்டுப் பாருங்கள். 50 அடி அகலத்தைப் பார்க்கும் 1080 கேமராவில் மீட்டருக்கு 126 புள்ளி. இருசக்கர வாகனத்தின் பின்பக்க நம்பர் பலகை 20 சென்டிமீட்டர் அகலம். அதற்கு விழுவது 25 புள்ளி. ஒரு வரியில் ஐந்து எழுத்து இருந்தால் எழுத்துக்கு ஐந்து புள்ளி. டிஎன் 12 என்பதே படிக்க வராது. இதை எந்த பேக்கப்பும் சரிசெய்யாது. நம்பர் பலகை வேண்டுமென்றால் குறுகிய இடத்தை மட்டும் பார்க்கிற மாதிரி தனிக் கேமரா வைக்க வேண்டும். சிலர், சின்னப் படத்தை 1080 ஆக்கித் தருகிறோம் என்று சாஃப்ட்வேரைக் காட்டுவார்கள். 10 கிலோ அரிசியை 25 கிலோ பையில் மாற்றிக் கட்டினால் அரிசி பெருகுமா?

எவ்வளவு பிட்ரேட், எத்தனை நாள்

பிட்ரேட் என்பது ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு விவரம் எழுதப்படுகிறது என்ற கணக்கு. டிவிஆர் செட்டிங்கில் 512, 1024, 2048, 4096 என்று வரிசையாக இருக்கும். நம்மவர்கள் டிஸ்க் சீக்கிரம் நிறைந்துவிடும் என்று பயந்து, 1080 ரெசல்யூஷனை வைத்துக்கொண்டு பிட்ரேட்டை 512க்கு இறக்கிவிடுகிறார்கள். அதுதான் கால் பங்கு அரிசி போட்ட பெரிய சாக்கு. ஆள் நிற்கும்போது தெளிவாக இருக்கும்; நகர்ந்தால் கட்டம் கட்டமாக உடையும். திருடன் நின்று காட்டமாட்டான் அல்லவா?

கணக்கு மிக எளிது. 2048 வைத்தால் ஒரு கேமரா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 22 ஜிபி எழுதும். 4096 என்றால் 44 ஜிபி. எங்களைப் போல நான்கு கேமரா உள்ளவர்களுக்கு 2048இல் நாளைக்கு 88 ஜிபி. ஒரு டிபி டிஸ்க் 11 நாளில் நிறைந்து, பழைய பதிவின் மேல் புதியது எழுதிக்கொண்டே போகும். 4096இல் ஆறு நாள்கூடத் தாங்காது. முப்பது நாள் பதிவு வேண்டுமென்றால் 2048இல் 3 டிபி டிஸ்க் தேவை. எச்.265 என்ற முறை உள்ள டிவிஆராக இருந்தால் பழைய எச்.264இல் 4096க்குக் கிடைக்கிற தெளிவு ஏறக்குறைய 2048இலேயே கிடைத்துவிடும். எங்களுடையது பழசு, போன தைமாதம் மாற்றினோம். காட்டுப்பாக்கத்துக்காரர் கடையில் இறக்கியதைப் பார்க்கலாம் என்று போனபோது அவர் டிஸ்கில் இரண்டு நாள் பதிவுதான் இருந்தது. மூன்றாம் நாளே எல்லாம் அழிந்துவிட்டது.

இடம் மிச்சம் செய்ய வேண்டுமா? பிட்ரேட்டைக் குறைப்பதற்கு முன்னால் நொடிக்கு எத்தனை படம் என்பதைக் குறையுங்கள். 25 படம் எடுக்கிற கேமராவை 12க்கு வைத்தால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கிற சரக்கு இரண்டு மடங்கு. கல்லாப்பெட்டியில் கை போவதைப் பார்க்க 12 படம் தாராளம். இன்னொன்று, இரவில் வெளிச்சம் குறைந்த இடத்தில் படத்தில் பொரிப்பொரியாக இரைச்சல் விழும். பிட்ரேட்டின் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். குடோனில் ஒரு டியூப்லைட் எரியவிடுவது 4096 வைப்பதைவிட மலிவு. பிட்ரேட்டைத் தேவைக்கேற்ப ஏறி இறங்கும்படி வைத்து, மேல் எல்லையை மட்டும் 4096 என்று கட்டலாம் என்றார் தம்பி. மெட்ரோ தூண் வேலை நடந்த ஆண்டுகளில் நம் சாலையில் லென்சில் படிந்த தூசிக்கு எந்தச் செட்டிங்கும் மருந்தில்லை, துணிதான் மருந்து.

பிரதி எடுக்கும்போது

இனி முக்கியமான விஷயம். டிவிஆரில் பேக்கப் என்ற இடத்துக்குப் போய், கேமராவையும் நேரத்தையும் தேர்ந்து, பென் டிரைவில் எடுப்பதே முறை. அங்கே மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் என்று கேட்டால் மெயின் என்று சொல்ல வேண்டும். டிவிஆரின் சொந்த வடிவத்தில் எடுத்தால், டிஸ்கில் உள்ள பிட் எல்லாம் அப்படியே வரும். அதைப் பார்க்க ஒரு பிளேயர் வேண்டும். அதையும் அதே பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். எம்பி4 ஆக மாற்றினால்தான் எல்லா இடத்திலும் ஓடும் என்பார்கள். மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அசலைக் கைவிட்டு மாற்றியதை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாற்றும்போது அசலின் ரெசல்யூஷனும் பிட்ரேட்டும் எவ்வளவோ அதே அளவு கொடுங்கள். அதற்கு மேலே கொடுத்தால் ஃபைல் பெருக்கும், படம் பெருக்காது. கீழே கொடுத்தால் படம் போகும். சும்மா யாருக்காவது காட்டுவதற்கு 1280க்கு 720 அளவும் 1500 அல்லது 2000 பிட்ரேட்டும் போதும். பெயரிலேயே ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் சௌகரியத்துக்கு மறுபடியும் அரைத்துவிடும். எச்டி என்று அழுத்தி அனுப்பினாலும் அரைக்கத்தான் செய்யும், கொஞ்சம் நைசாக. மில்லில் அரைத்த மாவு திரும்பக் கோதுமை ஆகாது. அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். அதில் 2 ஜிபி வரை மாறாமல் போகும். பத்து நிமிஷப் பதிவு 4096இல்கூட 300 எம்பி சொச்சம்தான்.

மானிட்டரைக் கைபேசியால் படம் பிடிப்பது எல்லாவற்றிலும் மோசம். விசாரணைக்கு வருகிற காவலர்களும் அவசரத்தில் அப்படிச் செய்வதுண்டு. தேடுவதற்கு அது உதவலாம். ஆனால் அவர்கள் போன பிறகு நாம் அசலைத் தனியே எடுத்து வைக்காவிட்டால், இரண்டாவது வாரம் கேட்டு வரும்போது டிஸ்கில் இருக்காது. சம்பவத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னும் பின்னும் சேர்த்து, எல்லாக் கேமராவிலும் எடுங்கள். எங்கள் விஷயத்தில் முன்னால் இருந்த நிமிஷங்கள்தானே 12 மூட்டையை எண்ணிக் காட்டின.

கடிகாரத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் டிவிஆர் ஏழு நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பேக்கப் எடுக்கிற அன்று டிவிஆர் நேரத்தையும் கைபேசி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதாமல் கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள்.

கோர்ட்டுக்குப் போனால்

2020 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், அசல் கருவியைக் கொண்டுவராமல் பிரதியைக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவிலும் அந்தச் சான்றிதழ் உண்டு. படிவம் இரண்டு பகுதி; முதல் பகுதி கருவியை வைத்திருக்கிற நம்மைப் போன்றவர் கையெழுத்திட வேண்டியது, இரண்டாவது நிபுணர் கையெழுத்து. அதில் ‘ஹாஷ்’ என்று ஓர் எண் கேட்கிறார்கள். ஃபைல் முழுவதையும் கணக்கிட்டு வருகிற நீண்ட எண் அது. லாரிக் கதவில் போடுகிற சீல் போல என்று நினைத்துக்கொள்ளலாம். ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அரைத்துவந்த படத்துக்கும் டிவிஆரில் எடுத்த அசலுக்கும் சீல் பொருந்தவே பொருந்தாது. இதனால்தான் பேக்கப் எடுத்தவுடன் இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றைத் தொடாமல் கவரில் ஒட்டி வைப்பது நல்லது.

பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வாரணாசி வழக்கு ஒன்று போதும். 2010இல் அங்கே ஒரு ஓட்டலில் இத்தாலியர் ஒருவர் இறந்தார். கூடத் தங்கியிருந்த இரண்டு இத்தாலியர்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஓட்டலில் கேமரா இருந்தும் அந்தப் பதிவைக் கோர்ட்டில் வைக்கவில்லை. முக்கியமான சாட்சியத்தையே மறைத்ததாக எடுத்துக்கொண்டு 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அவர்களை விடுவித்தது. அதற்குள் ஏறத்தாழ ஐந்து வருஷம் ஜெயிலில் போய்விட்டது.

நாங்கள் டிவிஆர் பெட்டிக்கு மேலே ஒரு தாளில், எந்தக் கேமரா எதைப் பார்க்கிறது, பிட்ரேட் எவ்வளவு, டிஸ்க் எத்தனை நாள் தாங்கும், கடிகார வித்தியாசம் எவ்வளவு, பேக்கப் எடுக்கும் வரிசை என்ன என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். கடையில் யார் இருந்தாலும் அதைப் பார்த்துச் செய்யலாம். குடோன் கேமராவின் லென்சைத் துடைக்கிற பொறுப்பை லோடுமேனே கேட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் ஏணி போட்டு ஏறுகிறார். தாளின் நகல் தேவைப்படுகிறவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் கடைக்கு வரலாம். ஜெராக்ஸ் செலவு உங்களுடையது.